சாட்சியை வாபஸ் வாங்கப் போன ரத்னாபாய்

வேர்ப்பதை ரத்னாபாய் ஒரு ஒழுக்கக்கேடாகவே நினைத்தாள். பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கிற தூரத்தில், வன்னியபெருமாளின் பேன்சி ஸ்டோரில் அவளுக்கு வேலை. வளையல், ரிப்பன், ஹேர்பின், சாந்து, கவரிங். மேலே தகரக்கூரை. உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. அது வாங்க வருகிறவர்களுக்கு. மத்தியான வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்க அவளால் முடிந்தது. எல்லாம் பவுடர் செய்த வேலை. முகத்தில் போடுவதைச் சொல்லவில்லை, அது ஊரே போடுவது. கழுத்து, முதுகு, கக்கம், ஜாக்கெட்டுக்குள் அடங்கிய சகல பிரதேசங்களும். சாம்பிளுக்கென்று திறந்து வைத்த டின் அவள் பொறுப்பில் இருந்தது. வன்னியபெருமாள் சங்கரன்கோவில்காரர், கையை இறுக்கிப் பிடிக்கிறவர். ஆனாலும் அந்த டின்னை மட்டும் கண்டுகொள்ள மாட்டார். "போடட்டும்வே, நம்ம கடைக்கு நடமாடுத போர்டுல்லா அது" என்பார்.

அவள் செத்தபோது காரணம் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அவர்கள் சுருக்கமாக எழுதிப் பழகியவர்கள். ஒரு டின் பவுடர், ஒரு கண்டக்டரின் பஸ் ஞானம், ஒரு சபையின் சந்தோஷம், கொஞ்சம் வெட்கம் என்று எல்லாவற்றையும் எழுத சர்டிபிகேட்டின் அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

தொண்ணூற்றொன்பதில், கரமனைப் பக்கம் அவள் போய்வந்த தமிழ்ச் சபையின் பெண்கள் சங்கத்துக்கு விழிப்புணர்வு வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் பேசி, நாற்பது தாண்டிய எல்லோருக்கும் மார்பில் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார்கள். மாமோகிராம் என்று பெயர். சனிக்கிழமை வேன் வந்தது. அந்தப் பெண்கள் வேனில் போவது கல்யாணத்துக்கும் கன்வென்ஷனுக்கும்தான். ஆகவே அதே தோரணையில் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். ரத்னாபாய் இரண்டு டின்னோடு ஏறினாள்.

"கையைத் தூக்கு எலிசா" என்றாள். எலிசாள் அவளுடைய நாத்தனார், கணவன் ஜெபசிங்கின் தங்கை.

"நான் வீட்டுலயே போட்டாச்சு மைனி."

"வீட்டுல போட்டது வீட்டோட போச்சு. தம்பானூர் தாண்டுறதுக்குள்ள கிணறு மாதிரி ஊறும். டாக்டரு மூக்கைப் பொத்தினா நம்ம சபைக்கில்லியா நாணக்கேடு? தூக்கு."

எலிசாள் தூக்கினாள். பிறகு வேன் முழுக்கத் தூக்கியது. டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டான், மரியாதைக்காரன்.

ஆஸ்பத்திரியில் நீது என்று ஒரு டெக்னீஷியன், படிப்பு முடித்து வந்த சூட்டோடு இருந்தாள். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்கிப் படம் எடுக்கும் மெஷின் அது. "எலுமிச்சங்காயைப் பிழியறதுக்குக்கூட இதைவிட ஒரு மரியாதை உண்டு" என்று வெளியே வந்து ரத்னாபாய் அறிவித்தாள். உள்ளே முதல் பிலிம் கழுவி வந்தது. வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். நீதுவின் முகம் சுருங்கியது. இரண்டாவது பிலிமிலும் புள்ளிகள். மூன்றாவதில் நட்சத்திர மண்டலமே இருந்தது. பிலிம் பார்க்கிற டாக்டரம்மா விளக்குப் பெட்டியின் முன்னால் நின்று, "ஒரே சபையில இத்தனை பேருக்கா?" என்றார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மெஷினிடம் போய் அந்தப் பலகையை முகர்ந்து பார்த்தார். மல்லிகை வாசம்.

"சேச்சிமாரே, பவுடர் இட்டோ?" என்று நீது வராந்தாவுக்கு வந்து கேட்டாள். எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் வரிசையில் நின்று, மறுபடியும் அமுக்குண்டார்கள். புள்ளிகள் போய்விட்டன. டாக்டரம்மா கோபப்படாமல் சொல்லி அனுப்பினார். கெட்ட வியாதியின் ஆரம்பமும் இப்படி உப்புத்தூள் மாதிரிதான் பிலிமில் விழும். பவுடரும் அப்படியே விழும். எங்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் நீங்கள் வெறும் உடம்பாக வரவேண்டும்.

"உங்களால எனக்க மாரை ரெண்டு வட்டம் அம்மியில வச்சுச் சம்மந்தி அரைச்சாச்சு மைனி" என்று எலிசாள் திரும்பும்போது சொல்ல, வேன் குலுங்கியது.

அன்றைக்கு விழுந்த பெயர் 'பவுடர் பாய்'. சபையில் அறுவடைக்காக நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே ஒரு பவுடர் டின்னையும் வைத்து, "ஆஸ்பத்திரி டெஸ்டுக்கு ஏற்றது, ஒரு தரம்" என்று கூவினார்கள். ரத்னாபாயும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் கூவுவார்கள். ஆனால் கடையில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால், முன்பு இல்லாத பழக்கமாக, என்னைப் பற்றித்தானோ என்று நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்தொன்றில் மறுபடி வேன். ஆஸ்பத்திரிச் சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு புது போர்டு: பவுடரோ சென்டோ போட்டு வரக்கூடாது. "எனக்க பேரு மட்டுந்தான் எழுதல்ல" என்றாள் ரத்னாபாய். இந்த முறை ஒரு பொட்டுப் பவுடர் கிடையாது. அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள்: வேனில் எலிசாளைக் கூப்பிட்டுக் கக்கத்தை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். "சோப்பு வாசந்தான்" என்று எலிசாள் தீர்ப்புச் சொன்னாள்.

பிலிமில் இடது பக்கம், உள்ளே தள்ளி, ஒரு சிட்டிகை வெள்ளைப் புள்ளி.

டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம் எடுக்கவேண்டும், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கவேண்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்.

"கையால தடவினா ஒண்ணுமில்லியே டாக்டரே."

"கைக்குத் தெரியறதுக்கு முன்னாலயே பார்க்கத்தானே இந்தப் படம். வியாதியா இல்லாமலும் இருக்கலாம். இருந்தா, இப்பவே எடுத்துட்டா அதோட தீர்ந்துது. உயிருக்குப் பயமில்ல. வராம இருந்துடாதீங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ரத்னாபாய்க்கும் தெளிவாகவே புரிந்தது. வேனில் ஏறியதும் எலிசாள் கேட்டாள்.

"என்ன மைனி, என்ன சொன்னா?"

"பொட்டு இருக்காம்."

வேன் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. அப்புறம் சிரித்தது.

"நான் இந்த வட்டம் இடல்ல" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. முகர்ந்து பார்த்த எலிசாளும் சிரித்தாள். "இத்தனை வருஷம் இட்டது உள்ள இறங்கியிருக்கும் மைனி. எங்க போவும்?"

அது விஞ்ஞானம் மாதிரியே ஒலித்தது. ரத்னாபாய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உயிர்ப்பயத்தில் இருக்கிறவர்களுக்கு விஞ்ஞானம் ரொம்பப் பிடிக்கும், சாதகமாக இருக்கும் பட்சத்தில்.

வீட்டில் ஜெபசிங் வேறொரு விஞ்ஞானம் வைத்திருந்தான். அவன் வித்துரா ரூட்டில் கண்டக்டர். உலகத்தில் எதையும் அவன் பஸ்ஸாகத்தான் பார்ப்பான்.

"எக்ஸ்ரேன்னா ஆர்டினரி வண்டி பிள்ளே. டிபிக்கு எடுக்கது, கால் ஒடிஞ்சா எடுக்கது. ஸ்கேனு பாஸ்ட் பாசஞ்சர். அதுக்கு மேல எம்ஆர்ஐன்னு ஒண்ணு உண்டாம், அது சூப்பர் பாஸ்ட்டு. ஆர்டினரில ஏறிட்டு வந்து அழுதா எப்படி? ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

"டாக்டர் சொன்னது அதில்லல்லோ அப்பா" என்றாள் மகள் சிஜி. கல்லூரிக்குப் போகிறவள், பாதி மலையாளத்தில் பேசுகிறவள். "செவ்வாய்க்கிழமை போணும்."

"போலாம். ஸ்கேன்ல இருந்தா போலாம்."

சிஜியின் குரலை விட பஸ்ஸின் குரல் பெரிது. செவ்வாய்க்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். ஏசி, மீன் தொட்டி, செருப்பை வெளியே விட வேண்டும். நெரிசல் இல்லை, வலி இல்லை; குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, ஒரு கருவியை மெதுவாக ஓட்டினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கடல் மாதிரி அசைந்தது. மரியாதையான மெஷின்.

"இதுக்கு முன்ன படம் ஏதாவது எடுத்ததுண்டா?" என்று ஸ்கேன் டாக்டர் கேட்டார்.

ஆஸ்பத்திரி பிலிம் கதவுக்கு வெளியே, பெஞ்சில், சிஜியின் மடியில் ஒரு காக்கி உறைக்குள் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும். ரத்னாபாய் யோசித்தாள். பிலிம் என்றால் புள்ளி என்று சொல்லவேண்டும். புள்ளி என்றால் பவுடரைச் சொல்லவேண்டும். இந்தப் படித்த மனுஷனும் சிரிப்பான்.

"இல்ல சார்" என்றாள்.

"கட்டி ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஸ்கேன் கட்டியைத் தேடும். சதை கெட்டியான மார்பில் பிலிமுக்குப் பிடிபடாமல் ஒளிந்திருக்கும் கட்டியைக்கூட அது பிடித்துவிடும். கட்டியாகத் திரளாத உப்புத்தூளைப் பார்ப்பது பெரும்பாலும் அதனால் ஆகாத காரியம்; அது பிலிமின் வேலை. ஒருத்தருக்குத் தூரப்பார்வை, ஒருத்தருக்குக் கிட்டப்பார்வை, அவ்வளவுதான். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்திருந்தால் பேசித் தீர்த்திருப்பார்கள். நடுவே ஒரு கதவு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சபையில் சொல்லவேண்டும். ரத்னாபாய் எழுந்தாள்.

"ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில எனக்குப் பொட்டு இருந்துது. பவுடர் இல்ல, எலிசாள் அறியும். நான் ஊசி குத்தல்ல, மருந்து தின்னல்ல. ஜெபம் மட்டும் பண்ணினேன். ஸ்கேன் எடுத்தப்போ பொட்டைக் காணல்ல. கர்த்தர் எடுத்துப்போட்டார்."

அல்லேலூயா எழுந்து கூரையில் முட்டியது. இரண்டு மெஷின்களுக்கு நடுவேயிருந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய ஸ்தோத்திரம் வேறெங்கும் கிடைத்திருக்காது. அன்றோடு 'பவுடர் பாய்' செத்தாள். யாரும் சிரிக்கவில்லை. வயசானவர்கள்கூட அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். வித்துராவுக்கு மேலே தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயங்கள் வரை ஜெபசிங்கின் பஸ்ஸிலேயே ஏறிப் போய்ச் சாட்சி சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை தேறியது. வித்துராவில் உப்புத்தூளாக இருந்தது லயத்துக்குப் போய்ச் சேரும்போது பயறு அளவு ஆகியிருந்தது. டாக்டரம்மா அழுதார் என்றுகூட ஒரு தடவை வந்தது.

கடைக்கு போன் வந்தது. வன்னியபெருமாள் எடுத்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரியில இருந்து நீதுன்னு ஒரு பிள்ள. செவ்வாக்கெழம ஏன் வரலன்னு கேக்கா."

"சுகமாயிட்டுன்னு சொல்லுங்க மொதலாளி."

மறுபடியும் வந்தது. மறுபடியும் சுகமாயிட்டு என்றார் அவர். பிறகு அந்தப் பிள்ளை வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதோ என்னவோ, வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஈஸ்டர் கழிந்து, குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம், உள்ளே தள்ளி. கைக்கே தெரிந்தது.

அப்போதாவது ஓடியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். நாம் சாட்சி சொன்னதில்லை. ஆஸ்பத்திரிப் படி ஏறினால் அந்தச் சாட்சி பொய்யாகிவிடும். ரத்னாபாய் பொய்யாகலாம், பவுடர் பாய் என்று கூப்பிட்டுப் பழகிய ஜனம்தானே. கர்த்தரைப் பொய்யாக்க முடியுமா? தோட்டத்து லயம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆகவே அவள் ஜெபித்தாள், மேலே பவுடரைக் கொஞ்சம் கூடப் போட்டாள். தோல் சுருங்கி, ஒரு இடத்தில் கசிய ஆரம்பித்தபோது இன்னும் கூடப் போட்டாள். சாம்பிள் டின் சீக்கிரம் தீர்கிறதே என்று வன்னியபெருமாள் முதல் தடவையாகக் கேட்டார்.

துவைக்கப் போட்ட ஜாக்கெட்டில் கறையைப் பார்த்தவள் சிஜி. அவள் அப்பாவிடம் கேட்கவில்லை, பஸ்ஸிடமும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

இந்த முறை மெஷின்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பிலிமில் தெரிந்தது, ஸ்கேனில் தெரிந்தது, ஜெபசிங் கேட்டு வாங்கிய சூப்பர் பாஸ்டிலும் தெரிந்தது. எல்லாம் ஒருமனப்பட்டன. ஈரலிலும் எலும்பிலும்கூடத் தெரிந்தது.

டாக்டரம்மா சிஜியின் காக்கி உறையிலிருந்து பழைய பிலிமை எடுத்துப் புதியதன் பக்கத்தில் மாட்டினார். அதே இடம். வெளியே வராந்தாவில் ஜெபசிங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகளிடம், "சின்ன ஸ்டாப்புல எல்லாம் நிக்கது ஆர்டினரிதான் மக்களே" என்றான். "எனக்குத் தெரியாததா? டெய்லி நான்தானே மணியடிச்சு நிறுத்துகேன்." அவன் பிறகு யாரிடமும் பஸ்ஸை உவமை சொன்னதில்லை.

மருந்து ஏற்றி முடி கொட்டி வீட்டில் கிடந்தபோது ரத்னாபாய்க்கு ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. எலிசாள் ஒருநாள் பார்க்க வந்தவள் பேச்சுவாக்கில், "நாங்க யாரும் இப்ப அந்த அமுக்குற மெஷினுக்குப் போறதில்ல மைனி. உங்க சாட்சி கேட்டதுல இருந்து எல்லாருக்கும் ஸ்கேன்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சங்கத்து வேனும் நின்றுவிட்டதாம்.

போதகர் ஜெபிக்க வந்தார். நல்ல மனுஷன், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"ஐயா, எனக்க சாட்சியை வாபஸ் வாங்கணும்."

"என்னம்மா?"

"அது அதிசயம் இல்ல. மெஷினு வேற, அவ்வளவுதான். பொட்டு எங்கயும் போகல்ல. ஸ்கேனுக்கு அதைப் பாக்கக் கண்ணு இல்ல. இந்தப் பெண்ணுங்க எல்லாம் என்னைக் கேட்டுட்டு பிலிமு எடுக்காம இருக்காளுவ. சபையில ஒரு நிமிஷம் தாங்க, நான் சொல்லிடறேன்."

போதகர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "சாட்சி நேரம் ஸ்தோத்திரம் சொல்றதுக்கும்மா. திருப்பி எடுக்கறதுன்னு ஒரு முறை நமக்கு இல்ல. புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க இடறிடுவாங்க. நீங்க மனசைப் போட்டு அலட்டாதீங்க, ஜெபிப்போம்."

ஜெபித்துவிட்டுப் போனார். ஆரஞ்சு இருந்தது.

அடுத்த சாட்சி ஞாயிற்றுக்கிழமை ரத்னாபாய், தலையில் முக்காடு போட்டு, சிஜியின் தோளைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தாள். கேட்காமலே எழுந்து நின்றாள். சபை எழுந்து நிற்காத குறையாகப் பார்த்தது.

"அந்தப் பொட்டு போகல்ல" என்றாள். குரல் முன்வரிசை வரைதான் எட்டியது. "அங்கதான் இருந்துது. கர்த்தரு எடுக்கல்ல. டாக்டரு எடுக்கச் சொன்னா, நான் போகல்ல. எல்லாரும் பிலிமு எடுங்க. ஸ்கேன் மட்டும் போராது. பிலிமு..."

மூச்சு முட்டி இருமல் வந்தது. பாட்டு நடத்துகிறவர் கருணையுள்ளவர், உடனே ஒரு பாட்டை எடுத்தார். சபை முழுக்கக் கண்ணீரோடு பாடியது. முடிந்ததும் வந்து வந்து அவள் கையைப் பிடித்தார்கள். "இந்த நிலைமையிலயும் சாட்சி சொல்ல வந்தீங்களே அக்கா" என்றாள் ஒருத்தி. அந்த இடத்தில் நின்று அந்த நேரத்தில் ஒருத்தர் பேசினால் அது சாட்சிதான். என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ரத்னாபாய் ஆட்டோவில் சிஜியிடம், "கேட்டினுமா?" என்றாள்.

"கேட்டாங்க அம்மே" என்றாள் சிஜி. அவள் தன் அம்மாவிடம் சொன்ன ஒரே பொய் அது.

மறு வருஷத்து மழை தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்தது. அடக்க ஆராதனையில் போதகர், வியாதியின் நடுவிலும் சோர்ந்துபோகாமல் சபையில் எழுந்து நின்ற சகோதரியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எக்ஸ்ரேயில் இருந்ததும் ஸ்கேனில் இல்லாததுமான அந்தப் பழைய அற்புதமும் அதில் வந்தது. அது முதல் தடவை, இது கர்த்தரின் வேறொரு சித்தம் என்று இரண்டையும் அவரால் அழகாகச் சேர்க்க முடிந்தது. வன்னியபெருமாள் வாசலில் நின்றிருந்தார். மாலைக்குப் பதிலாகக் கடையிலிருந்து ஒரு புது டின்னைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார், உடைக்காத டின்.

பெட்டியை மூடுவதற்கு முன் எலிசாள்தான் அதை உடைத்தாள். முகத்திலும் கழுத்திலும் ஒற்றி ஒற்றிப் போட்டாள். "வேர்த்திட்டுப் போகப்பிடாது எனக்க மைனி" என்று அழுதாள்.

சிஜி பக்கத்தில் நின்றாள். "மாமி" என்றாள். "நீங்க எப்ப பிலிமு எடுப்பீங்க? நாளைக்கு நான் கூட வாறேன்."

"எனக்கு எதுக்கு மக்களே?" எலிசாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசந்தானே ஸ்கேன் எடுத்தேன். ஒண்ணும் இல்ல, ஸ்தோத்திரம்."

கையில் மிச்சமிருந்த பவுடரை வீணாக்காமல் தன் கழுத்தில் தட்டிக்கொண்டாள். அன்றைக்கு நல்ல வெயில்.